சமன் குறிக்கு வலப்பக்கம்

காணி உறுதி ஒன்றைத் தேடிச் சென்ற ஆண்டு தை மாதத்தில் பெரியப்பாவின் றங்குப்பெட்டியைத் திறந்தேன். உறுதி அடியில்தான் கிடந்தது. அதற்கு முன் கைக்கு அகப்பட்டது எண்பது பக்கக் கொப்பி ஒன்று. மேலட்டையில் "பொது அறிவு" என்று நீல மையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். உள்ளே ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஒரு சொல், நடுவில் ஒரு சமன் குறி, வலப்பக்கம் அதன் பொருள். பெரியப்பா கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். பதவி உயர்வுப் பரீட்சை ஒன்றுக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கம், பரீட்சை முடிந்து, பதவி கிடைத்து, ஓய்வூதியமும் எடுக்கத் தொடங்கிய பின்னரும் அவரை விடவில்லை.

சொற்களுக்கிடையே எந்த ஒழுங்கும் கிடையாது. வானொலியிலோ பத்திரிகையிலோ கந்தோரிலோ எதைக் கேட்டாரோ அதை அன்றிரவே எழுதிவிடுவார். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். தோம்பு = காணி இடாப்பு. எஸ்.ஓ.எஸ். = எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள். கச்சான் = மேல்காற்று. பொய்கொட் = பகிஷ்கரிப்பு. கதிரை = கதிர்காமம். இறாத்தல் = 16 அவுன்சு. அனகொண்டா = தென்னமெரிக்கப் பாம்பு. குளி = நில அளவு. இவற்றை ஒரே கயிற்றில் கட்டக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பொழுதுபட்டதும் விறாந்தை வாங்கில் எங்களை வரிசையாக இருத்தி, இடப்பக்கத்தை அவர் வாசிப்பார். வலப்பக்கத்தை நாங்கள் ஒப்புவிக்க வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ஒரு பிடி வறுத்த கச்சான் கிடைக்கும். "தோம்பு" என்றதும் "காணி இடாப்பு" என்று கத்திக் கச்சானை வாங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. தோம்பைக் கண்டதில்லை, இடாப்பு என்றால் வகுப்பில் வரவு குறிக்கும் புத்தகம் என்பதற்கு மேல் தெரியாது. தெரியாத ஒரு சொல்லுக்கு அரைகுறையாகத் தெரிந்த இன்னொரு சொல்லைக் கொடுத்துவிட்டு, அறிவு சேர்ந்துவிட்டதாக எல்லோரும் மகிழ்ந்தோம். கணக்கில் சமன் குறியின் இரண்டு பக்கங்களையும் மாற்றி எழுதினாலும் விடை பிழைக்காது. பெரியப்பாவின் கொப்பியில் அந்த விதி ஒரு வரிக்குக்கூடப் பொருந்தவில்லை என்பது, அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தேடிப் பார்த்த கடந்த சில மாதங்களில்தான் எனக்கு விளங்கியது.

பொருளை மனப்பாடமாக்கும் இந்த முறையைப் பெரியப்பாவின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துப் பிள்ளைகள் சூடாமணி நிகண்டைச் செய்யுளாகவே நெட்டுருப் பண்ணினார்கள். நல்லூர் ஆறுமுக நாவலர் அச்சிட்ட முதல் நூல்களுள் 1849இல் வெளிவந்த அந்த நிகண்டின் உரையும் ஒன்று. அதன் பதினோராவது தொகுதி, ஒரே சொல்லுக்கு உள்ள பல பொருள்களைத் தொகுத்துச் சொல்வது. நிகண்டு செய்தவருக்கு ஒரு சமன் குறி போதாது என்பது தெரிந்திருக்கிறது. அகரவரிசைக்கு மாறியபோது அந்தப் பொறுமை குறைந்தது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரத்தில் போகக்கூடிய மானிப்பாயில், அமெரிக்க மிஷன் அச்சகத்தில் 1842இல் அச்சான தமிழ் அகராதியில் ஏறத்தாழ 58,500 சொற்கள் இருக்கின்றன. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் அதற்கு இரண்டு பெயர்கள். அத்தனை ஆயிரம் சொற்களை ஒரு நூலுக்குள் அடக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொற்களில் பொருள் சொல்லிவிட்டு நகர்வதைத் தவிர வேறு வழியில்லை. பெரியப்பாவுக்கு அந்த நெருக்கடி இல்லை. எண்பது பக்கத்தில் கடைசிப் பத்துப் பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன.

அவர் எழுதியவற்றுள் அப்பட்டமாகப் பிழையானது எஸ்.ஓ.எஸ். என்ற வரிதான். அந்த மூன்று எழுத்துகளுக்கும் விரிவே கிடையாது. மோர்ஸ் குறியில் எஸ் என்பது மூன்று புள்ளி, ஓ என்பது மூன்று கோடு. இடைவெளி விடாமல் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று அனுப்பினால், இரைச்சலுக்கு நடுவிலும் வேறொன்றாக மயங்காமல் காதில் விழும்; அனுப்புகிறவனின் கை நடுங்கினாலும் பிசகாது. அதற்காகவே அதைத் தேர்ந்தார்கள். ஜெர்மனி 1905இல் தன்னுடைய விதிகளில் சேர்த்தது. 1906இல் பெர்லினில் கூடிய சர்வதேச மாநாடு அதை ஏற்றது. 1908 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மார்க்கோனி நிறுவனத்தின் தந்தியாளர்கள் சி.கியூ.டி. என்ற வேறொரு குறியை வைத்திருந்தார்கள். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலிருந்து இரண்டும் மாறி மாறி அனுப்பப்பட்டன. ஆன்மாக்களைக் காப்பாற்றும் கதை பிற்பாடு மனிதர்கள் ஒட்டவைத்தது. நன்னூல் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது: இடுகுறியாய்ப் பிறந்ததைக் காரணப் பெயர் ஆக்கிவிட்டார்கள். காரணம் இல்லாத பெயரைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை.

கறுப்புப் பெட்டிக்கு எதிரே "விமானத்திலுள்ள கறுப்பு நிறப் பெட்டி" என்று எழுதியிருந்ததைப் பின்னொரு நாளில் சிவப்பு மையால் வெட்டி, "செம்மஞ்சள் நிறம்" என்று திருத்தியிருக்கிறார். சிதைவுகளுக்குள் தேடும்போது கண்ணில் படுவதற்காக அந்த நிறம். குவாரன்டைன் என்ற சொல்லுக்கு "நாற்பது" என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்து முதலில் சிரித்தேன். பிறகு, வரும் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்திவைத்த வெனிஸ் நகரத்து வழக்கத்திலிருந்து வந்த சொல் அது என்று அறிந்தபோது சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். 2020இல் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக் கதவுகளில் அறிவித்தல் ஒட்டிப் பதினான்கு நாள் அடைத்துவைத்தபோதும் அதே சொல்தான் வழங்கியது.

பொய்கொட் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பெரியப்பா குறிக்கவில்லை. அயர்லாந்தின் மாயோ பிரதேசத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட கப்டன் சார்ள்ஸ் பொய்கொட் என்பவர், 1880இல் வாடகைக் குறைப்புக் கேட்ட குடியானவர்களை வெளியேற்ற முயன்றார். ஊர் அவரை அடிக்கவில்லை. அவரோடு எந்தப் புழக்கமும் வைத்துக்கொள்ளாமல் விட்டது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வடக்கிலிருந்து ஐம்பது பேரை அழைத்து, படையினரைக் காவலுக்கு நிறுத்தி வெட்டிய விளைச்சலுக்கு ஆன செலவு, அந்த விளைச்சலின் பெறுமதியைவிடப் பல மடங்கு. சில மாதங்களுக்குள் அவருடைய பெயர் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. தள்ளிவைத்தல், புழங்காமல் விடுதல் என்று எங்கள் ஊர்களிலும் இந்த ஆயுதம் நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. ஆனால் இங்கே அது பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே பிரயோகிக்கப்பட்டது என்பதை மறைத்துப் பெருமைப்பட எனக்கு விருப்பமில்லை. பகிஷ்கரிப்பு என்ற சொல் யாழ்ப்பாணத்தின் அரசியலில் நிலைத்தது 1931இல். இலங்கைக்கு ஆங்கிலேயர் கொடுத்த டொனமூர் அரசியல் யாப்பு முழுச் சுயாட்சியைத் தரவில்லை என்று சொல்லி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்தது. யாழ்ப்பாணப் பகுதியின் நான்கு ஆசனங்களுக்கு ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அவை வெறுமையாகவே கிடந்தன. பெரியப்பா பிறந்தது அந்தப் பகிஷ்கரிப்பு ஆண்டில்தான் என்று வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். அதை அவர் தம் கொப்பியில் ஏன் எழுதவில்லையோ.

கதிரை என்ற வரிக்கு வருவோம். தமிழ்நாட்டார் நாற்காலி என்பதை நாங்கள் கதிரை என்கிறோம். போர்த்துக்கேயரின் கதெய்ரா அது. அலுமாரி, மேசை, சப்பாத்து, பாண், லேஞ்சி, துவாய், அலவாங்கு என்று அவர்கள் விட்டுச்சென்ற சொற்களின் பட்டியலை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதை மறுபடி எழுதும் உற்சாகம் எனக்கில்லை. ஆனால் கதிரையின் வழி சற்றுத் தூரம் போகிறது. கதெய்ரா லத்தீன் கதெட்ராவிலிருந்தும், அது கிரேக்கத்திலிருந்தும் வந்தது. ஆசனம் என்று பொருள். ஆயர் ஒருவரின் ஆசனம் இருக்கும் கோயிலை ஆங்கிலத்தில் கதீட்றல் என்கிறார்கள். அப்படியானால் யாழ்ப்பாணத்து மரியன்னை பேராலயத்தின் ஆங்கிலப் பெயரும் எங்கள் விறாந்தையில் கிடக்கும் கால் ஆடுகிற கதிரையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

பெரியப்பா எழுதிய கதிரையோ வேறு. கதிர்காமத்தைச் செய்யுளிலும் பேச்சிலும் கதிரை என்று சுருக்கும் வழக்கம் போர்த்துக்கேயருக்கும் கதெய்ராவுக்கும் கடன்படாதது. எங்கள் ஊரில் வளவுக்கு ஒரு கதிரைவேலு இருந்த காலம் ஒன்று உண்டு. சிறு வயதில், முருகனின் வேல் எதற்குக் கதிரையில் இருக்கிறது என்று நான் கேட்டதும், பெரியப்பா கோபப்படாமல் கொப்பியை எடுத்து அந்த வரியை எழுதியதும் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட பதில் என்று தெரிந்தால்தான் அந்த வரி சரி. தெரியாத ஒருவர் அதை மட்டும் வாசித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தால், கதிர்காமத்தில் உட்காருங்கள் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ள நேரும்.

எங்களுக்குப் பரிசாகக் கிடைத்த கச்சானும் அப்படித்தான். கொப்பியில் அது மேல்காற்று. கடலோடு வாழ்பவர்களுக்குக் காற்று நான்கு: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். தென்றல் என்ற சொல்லை நான் கேட்டது வானொலிப் பாட்டில்தான். சோளகம் பெயர்ந்துவிட்டது என்று சொல்வதைத்தான் ஊரில் கேட்டிருக்கிறேன். வாயில் போட்டு மென்ற கச்சானோ நிலக்கடலை. மலாய் மொழியில் கச்சாங் என்றால் அவரை, பயறு, கடலை வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். தொதலையும் சம்பலையும் தந்த அதே கடல்வழியாக இந்தப் பெயரும் வந்திருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியோரத்துக் கச்சான் கடைகளில் மணல் சட்டி காயும். மேலே கோபுரப் பக்கமாகச் சோளகம் வீசிக்கொண்டிருக்கும். ஒரே ஒலியில் காற்றும் கடலையும் இருப்பதைப் பற்றி வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருநாளும் குழம்பியதில்லை. குழப்பம் கொப்பியில் மட்டுமே வரும்.

இறாத்தல் அரபியிலிருந்து போர்த்துக்கேயம் வழியாக வந்த நிறை அளவு. இலங்கை மெட்ரிக் முறைக்கு மாறி நான்கு தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் இன்று காலையும் கடையில் ஓர் இறாத்தல் பாண் என்றுதான் கேட்டேன், கடைக்காரர் 450 கிராம் பாணைத் தந்தார். இறாத்தல் இப்போது நிறையல்ல, ஒரு பாணின் உருவம். அரை இறாத்தல் சீனி என்று கேட்டால் இளம் கடைக்காரப் பையன் விழிப்பான். அந்தர் என்ற சொல்லும் அப்படியே. 112 இறாத்தல் கொண்ட ஆங்கில அளவின் பெயர் திரிந்து வந்தது. இன்று தோட்டக்காரர் உரம் ஓர் அந்தர் என்றால் 50 கிலோ மூட்டை ஒன்று என்றே பொருள். நிறை சற்றுக் குறைந்தாலும் பெயர் மூட்டையை விட்டு இறங்கவில்லை.

அனகொண்டா வரியில் பெரியப்பா கோட்டைவிட்டது எனக்கு உண்மையாகவே வருத்தம். தென்னமெரிக்க ஆற்றுப் பாம்புதான். ஆனால் பெயர் தென்னமெரிக்காவைச் சேர்ந்ததல்ல. 1693இல் ஆங்கில இயற்கை நூலார் ஜோன் றே, லைடன் நகர அருங்காட்சியகத்திலிருந்த பாம்புகளின் பட்டியலைத் தரும்போது, எருமைகளையும் நொறுக்கும் இலங்கைப் பாம்பு என்று இதே பெயரின் பழைய வடிவம் ஒன்றைக் குறிக்கிறார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த காலம் அது. அந்தப் பாம்பு நம் மலைப்பாம்பாகத்தான் இருக்க முடியும். பெயர் எந்த மொழிக்கு உரியது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனைகொன்றான் என்ற தமிழ்ச் சொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு; வேறொரு பாம்பைக் குறிக்கும் ஹெனகந்தயா என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எனக்குத் தமிழ்ப் பக்கம் சாயத்தான் ஆசை, ஆனால் ஆசை சான்றாகாது. எந்த மொழியானாலும், இந்தத் தீவின் பாம்புக்கு இட்ட பெயர் கடல் கடந்து போய், இங்கே இல்லாத ஒரு பாம்பின் மேல் சுற்றிக்கொண்டு, பொது அறிவுக் கேள்வியாக எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது.

சுருட்டு இதைவிடத் தெளிவான வழக்கு. ஆங்கிலத்தில் செறூட் என்பது நம் சுருட்டுத்தான். திருவிதாங்கூருக்குக் கப்பலில் போன யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் இந்தக் குடாநாட்டின் பெரிய வருவாய். ஆயினும் சொல்லை ஏற்றுமதி செய்ததற்கு ஒருவரும் வரி அறவிடவில்லை. கட்டுமரம் போய்க் கற்றமறான் ஆனபோது பொருளும் மாறியது. இங்கே மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் கட்டியது கட்டுமரம். அங்கே இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகு. கட்டும் இல்லை, மரமும் இல்லை.

கொப்பியின் நடுப்பக்கத்தில் "கெமிஸ்தம் = இரசாயனவியல்" என்று ஒரு வரி. அச்சுப்பிழை போலத் தோன்றும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் செய்தும் கற்பித்தும் வாழ்ந்தார். மேலைமருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்ற மாணவர்கள் ஊரைவிட்டு உத்தியோகம் தேடிப் போவதைக் கண்டு, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். பாடநூல் இல்லை; ஆகவே மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பாடநூல்களை மொழிபெயர்த்தார். அறுவைச் சிகிச்சை நூலுக்கு 1867இல் இட்ட பெயர் இரணவைத்தியம். இரணம் என்றால் புண் என்பது வேலியில் கை கிழித்துக்கொண்ட பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. 1875இல் வெளிவந்த வேதியியல் நூலுக்கு அப்படியொரு சொல் கையில் அகப்படவில்லை போலும். ஆங்கிலச் சொல்லையே எடுத்து, தமிழ்ச் சொல் போல முடித்துக் கெமிஸ்தம் என்று வைத்தார். இரணவைத்தியம் இன்று வாசித்தாலும் பொருள் தருகிறது. கெமிஸ்தத்துக்குச் சமன் குறி தேவைப்படுகிறது. ஆனாலும் எனக்கு அந்தச் சொல்லின்மேல் ஒரு பிரியம் உண்டு. புரியாவிட்டாலும் பரவாயில்லை, பாடம் தமிழில் நடக்கட்டும் என்று ஓர் அந்நியர் எடுத்த பிடிவாதம் அதில் தெரிகிறது.

ஊர்ப்பெயர்களுக்குக் கொப்பியில் இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்; பெரும்பாலானவை ஊகம் என்பதால் கடந்து போகிறேன். நிச்சயமானவற்றுள் எனக்குப் பிடித்தது பருத்தித்துறையின் ஆங்கிலப் பெயர். பொயின்ற் பேதுரு என்பதைக் கேட்டால் பேதுரு என்ற ஒருவரின் முனை என்றே தோன்றும். போர்த்துக்கேயர் சொன்னதோ கற்களின் முனை. பேதுருவுக்கும் கல்லுக்கும் அவர்கள் மொழியில் உறவு உண்டு என்பதால் ஆங்கிலேயரை முழுவதும் குற்றம் சொல்ல முடியாது. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களை இட்டார்கள்: காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடல்பேர்க், வேலணை லைடன், நெடுந்தீவு டெல்ப்ட். கடைசிப் பெயரைத் தவிர மற்றவை வழக்கில் ஒட்டவில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கோட்டைக்கு அவர்கள் வைத்த ஹமென்ஹீல் என்ற பெயரின் பொருள், பன்றித் தொடையின் குதி. இலங்கை வரைபடத்தைப் பன்றித் தொடையாகக் கண்டவர்களுக்கு யாழ்ப்பாணம் அதன் குதியாகத் தெரிந்திருக்கிறது. அப்பெயரைச் சைவ வீட்டுப் பெரியப்பா "கடற்கோட்டை" என்று மட்டும் எழுதி நாகரிகமாகத் தாண்டிவிட்டார்.

இனி, நான் தேடிப்போன உறுதியைப் பற்றி. அதை வாசிக்க உட்கார்ந்தபோதுதான் "தோம்பு = காணி இடாப்பு" என்ற வரி எவ்வளவு சிறியது என்று தெரிந்தது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர், எந்தக் காணி எவருடையது, அது என்ன வரி தரும் என்று எழுதிவைத்த பதிவு தொம்பு. லிஸ்பனில் அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இன்றும் தொம்புக் கோபுரம் என்றே பெயர். 1658இல் வந்த ஒல்லாந்தர் அதைக் காணித்தோம்பு, தலைத்தோம்பு என்று இரண்டாக விரித்து, நிலத்தை ஒன்றிலும் ஆட்களையும் குடும்பங்களையும் மற்றொன்றிலும் பதிந்தார்கள். ஆகவே தோம்பு என்பது வெறும் இடாப்பு அல்ல. அந்நிய அரசு ஒன்று உன் வளவுக்குள் வந்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போன நாளின் பெயர். அப்போது எழுதிய காணிப் பெயர்கள் உறுதிகளில் வழிவழியாகப் பிரதி செய்யப்பட்டு வருகின்றன. எங்கள் வளவுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. வீட்டில் எவரும் அதை வாயால் சொன்னதில்லை, நொத்தாரிசு மட்டும் சொல்வார். அந்த நொத்தாரிசும் ஒல்லாந்தர் தந்த சொல்தான். உறுதி எழுதுகிறவர் பெயரும் உத்தியோகம் பார்க்கிற கந்தோரும் அவர்களுடையவை. ஆனால் உள்ளே உள்ள உரிமைகளின் பெயர்கள் நம்முடையவை.

அந்தப் பெயர்கள் எழுத்தில் ஏறியது 1707இல். ஆளுநர் கோர்னலிஸ் யோவான் சிமொன்ஸ் பணித்தபடி, இங்கே நீண்டகாலம் இருந்த திசாவை, அதாவது பிரதேச அதிகாரி, கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்த மொழியில் தொகுத்தார். அதைத் தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். தேசவழமை என்று அது இன்றும் சட்டமாக நிற்கிறது. வழிவழி வந்த சொத்து முதுசம். முதுசொம் என்ற பழைய சொல்லின் தேய்வு, சொம் என்றால் சொத்து. மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம். மணத்துக்குப் பின் தேடியது தேடியதேட்டம். இந்தக் கடைசிச் சொல்லை நான் எங்கே கண்டாலும் ஒரு கணம் நின்றுவிடுவேன். தேடு என்ற ஒரு வினையை இரண்டு முறை அடுக்கி, ஒரு குடும்பம் பட்ட பாட்டையெல்லாம் சட்டச் சொல்லாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத் தீர்ப்புகளிலும் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். பெரியப்பா எழுதியது: "தேடியதேட்டம் = சம்பாத்தியம்." சம்பாத்தியம் தனியொருவருடையதாகவும் இருக்கலாம், தேடியதேட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு விட்டுப்போனால் அந்தச் சொல்லில் எஞ்சுவது ஒன்றுமில்லை.

எங்கள் உறுதியில் நான்கு பரப்பு ஏழு குளி என்றும், கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்றும் இருந்தது. பங்கு பிரிப்பதற்காகக் கனடாவிலிருக்கும் தம்பியின் மகளுக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். அன்றிரவே அழைத்தாள்.

"மாமி, குளி எண்டால் குளிக்கிற இடமோ? கிணத்தடியோ?"

சிரித்துவிட்டேன்; ஆனால் "நில அளவு" என்று சொல்லி அவளை மடக்க மனம் வரவில்லை. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சு. பதினெட்டுக் குளி ஒரு பரப்பு என்று கணக்காகச் சொன்னேன். ஏக்கரே தெரியாத பிள்ளைக்கு அதுவும் ஒரு சமன் குறிதான். பரப்பு என்பதை லாச்சம் என்றும் எழுதுவார்கள், எங்கள் உறுதியில் அதற்குப் பக்கத்தில் வரகு என்றும் இருக்கிறது, வரகு விதைக்கும் மேட்டு நிலத்துக்குரிய கணக்கு அது, நெல்வயலுக்குக் கணக்கு வேறு என்று தொடங்கியபோது, தொலைபேசியின் மறுமுனையில் கொட்டாவி கேட்டது.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அவளே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி. பதினெட்டால் வகுத்தால் ஒரு குளி 151 சதுர அடிக்குச் சற்றுக் கூட. சதுரமாகப் பிடித்தால் பக்கம் பன்னிரண்டேகால் அடி. வேலி அடைக்கக் கொண்டுவந்த கிளுவங் கதியால்களில் நான்கை மூலைக்கு ஒன்றாக நட்டோம். உள்ளே எலுமிச்சைமரமும், உடுப்புக் காயவிடும் கொடியின் ஒரு முனையும், துவைகல்லின் பாதியும் அடங்கின. அவள் நடுவில் போய் இருந்து, கைகளை நீட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா, என்ர அறையைவிடப் பெரிசு" என்றாள். பெரிசு என்றாளா, இவ்வளவுதானா என்றாளா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அவள் போன பின் அந்தக் கதியால்களைப் பிடுங்க மறந்துவிட்டேன். ஐப்பசி மழைக்கு நான்கும் துளிர்த்துவிட்டன. புல் வெட்ட வந்த பெரியவர் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, ஆட்டுக்கு அடைப்போ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, ஒரு குளி."

அவர் கத்தியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டார்: "வரகுக் குளியோ, நெல்லுக் குளியோ?"